வாயில் வரக்கூடாத மூன்று எழுத்துகள்

ஏற்றுமதி ஆவணப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் நான். ஓர் எழுத்து பிசகினாலும் வங்கி காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அப்படிப்பட்டவனிடம், எழுதியிருக்கும் மூன்று எழுத்துகளைப் படிக்காதே என்றால் எப்படி?

பெருமாநல்லூர் சாலையில் ஞாயிறுதோறும் பிரெஞ்சு வகுப்பு. நான் ஓய்வு பெற்ற பனியன் கம்பெனிக்குப் பிரான்சிலிருந்து சரக்கு வாங்கும் பையர்கள் வரவிருந்தார்கள். வகுப்பிலிருந்து ஒருவர் போய் வரவேற்புரை வாசிக்க வேண்டும். அந்தக் கம்பெனி கேட்டுக்குள் மறுபடி மரியாதையாக நுழைய எனக்கு வேறு வழியில்லை.

'அவர்கள் உழைக்கிறார்கள்' என்பதற்கான வினைச்சொல்லில்தான் தடுக்கியது. எழுத்தில் மூன்று அசை, வாயில் இரண்டே. 'த்ரா-வாய்'. பன்மையைக் காட்டும் கடைசி மூன்று எழுத்துகளும், e, n, t, ஊமை. விதி எனக்கு மனப்பாடம். பலகையில் பிரித்துக்கூட எழுதுவேன். வாய் திறந்தால் 'த்ராவாயெண்ட்'.

பக்கத்து பெஞ்சில் அதே கம்பெனியில் தைத்த துணியில் பிழை தேடும் செக்கிங் வேலை பார்க்கும் பெண், தென்காசிப் பக்கத்துக்காரி. விதி எதுவும் தெரியாது. ஒருமுறை காதால் கேட்டாள், அப்படியே சொன்னாள். ஆசிரியை முகம் மலர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"எப்படிங்க வருது உங்களுக்கு?" என்றேன், பெருந்தன்மையாக.

"எங்கூர்ல ஆமான்னா ஆமாதான் சார். நீங்கதான் ஆமாங்க, இல்லீங்கன்னு எல்லாத்துக்கும் வால் வச்சே பழகிட்டிய. இதுலயும் வாலை விட மாட்டேங்கிய."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

அவளையே தேர்ந்தெடுத்தார்கள். அதோடு விட்டாளா? உரையை என்னிடம் நீட்டினாள். "அசை பிரிச்சுக் கோடு போட்டுத் தாங்க சார். விதி உங்களுக்குத்தான் தெரியும்."

பென்சிலால் அசைகளைப் பிரித்தேன், ஊமை எழுத்துகளை அடித்தேன். மற்ற எல்லா வினைச்சொல்லிலும் சரியாக. 'உழைக்கிறார்கள்' வந்ததும் கை நின்றது. கடைசி எழுத்துகளை அடிக்காமல், மூன்றாவது அசையாகக் கோடு போட்டுக் கொடுத்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

அடுத்த ஞாயிறு ஒத்திகை. முன் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். 'த்ராவாய்' என்று வழுக்கிக்கொண்டு போனாள்.

முடிந்ததும் காகிதத்தோடு என்னிடம் வந்தாள். அந்த மூன்று எழுத்துகளின் மேல் பேனாவால் ஒரு கோடு.

"இந்த ஒரு எடத்துல மட்டும் வால வெட்ட மறந்துட்டிய சார். நானே வெட்டிட்டேன்."

"ஆமாங்க," என்றேன். "மறந்துட்டேனுங்க."