வீட்டில் மட்டும் திறக்கும் பக்கம்

வினோத், நீ போன பிறகும் உன்னால் எனக்கு ஒருத்தனோடு சண்டைடா.

நடுவில் சில வாரம் இந்தப் பத்தி வரவில்லை. என் தம்பி வினோத் இறந்துவிட்டான். கிட்னி. கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம், கடைசியில் அவன் இல்லாமல் திரும்பினோம். விசாரித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் இன்று அழப் போவதில்லை. பொறாமைப்படப் போகிறேன்.

யார் மேல்? ஜெரோம் மேல்.

ஜெரோம் பிரான்சில் இருக்கிறான். பிரெஞ்சு பாஸ்போர்ட் குடும்பம். அவன் அப்பா குருசுக்குப்பத்துக்காரர், அதனால் தமிழ் நம் ஊர்த் தமிழ்தான். வினோத்துக்கு அவன் கம்ப்யூட்டரில் பழக்கமானவன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு லைப்ரரி எழுதினார்கள். லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கி வைக்கிற இடம் இல்லையாம். மற்ற புரோகிராமர்கள் எடுத்து அப்படியே பயன்படுத்திக்கொள்ள, முன்கூட்டியே எழுதி வைத்த சின்னச் சின்ன புரோகிராம்கள்.

அது என்ன செய்யும்? நீங்கள் போனில் ஒரு வெப்சைட் பேரை அடிக்கிறீர்கள். மெஷின் அந்தப் பேரை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது. அதற்கு நம்பர் வேண்டும். எந்தப் பேருக்கு எந்த நம்பர் என்று சொல்வதற்கென்றே உலகம் முழுக்க சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அங்கே போய்க் கேட்டு, ஒன்று பதில் சொல்லவில்லை என்றால் இன்னொன்றிடம் கேட்டு, நம்பரை வாங்கி வருவதுதான் இந்த லைப்ரரியின் வேலை. புது ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அட்ரஸ் விசாரிக்கிற மாதிரி. நான் எட்டாவதோடு நின்று, பேக்கரியில் மாவு பிசைகிறவன். எனக்கே புரிகிறதென்றால் உங்களுக்குப் புரியாதா என்ன?

புரிந்தது. பொறுக்கத்தான் முடியவில்லை.

டயாலிசிஸ் நடக்கும். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் போன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு நான்.

"எதுனா சாப்பிட்றியாடா?"

"ம்."

"வலிக்குதா?"

"ம்ஹூம்."

அப்போது போனில் 'டிங்'. ஜெரோம். உடனே அந்த வெளிறின முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள்...

"ணா, இவன் செம்ம ஆளு ணா. சர்வர் பதில் சொல்லலன்னா எவ்ளோ நேரம் வெய்ட் பண்ணணும்னு என்கிட்ட சண்ட போட்றான்."

"நானுந்தான்டா காலைலேர்ந்து உன் பதிலுக்கு வெய்ட் பண்ணினு இருக்கேன்."

அவன் சிரித்தான். நான் ஒன்றும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

காரியம் முடிந்த அன்றைக்கு ஜெரோம் போன் செய்தான். "என் தம்பி போய்ட்டான் ணா" என்று ஒரே அழுகை. யாருடைய தம்பி? தூக்கி வளர்த்தவன் நான். பேக்கரியிலிருந்து சூடாக ரொட்டி எடுத்து வந்து ஊட்டியவன் நான். இவன் எந்த உரிமையில் தம்பி என்கிறான்? பல்லைக் கடித்துக்கொண்டு "சரிப்பா, சரிப்பா" என்றேன்.

அந்த லைப்ரரிக்கென்று வினோத் ஒரு வெப்சைட் வைத்திருந்தான். எப்படிப் பயன்படுத்துவது என்று இங்கிலீஷில் நீளமாக எழுதியிருப்பான். ஓரத்தில் அவன் போட்டோ. பீச் ரோட்டில் நான் எடுத்தது. அம்மா தினமும் காலையில் அவன் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தில் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபியே குடிக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெரோம் மறுபடி கூப்பிட்டான்.

"ணா, வினோத் சைட்டோட பேரு காலாவதி ஆய்டுச்சு. வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கணும். ஓடிபி அவன் சிம்முக்குதான் வரும். அது உங்ககிட்டதான இருக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவல. சைட்டு நல்லாதான் இருக்கு."

"எங்கயுமே தொறக்கல ணா. எல்லாரும் என்னதான் கேக்கறாங்க."

"உனக்குத் தொறக்கலன்னா நான் என்னா பண்றது? எங்க வூட்ல தொறக்குது!"

போனை வைத்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஜில்லென்று. அவனுக்குத் திறக்கவில்லை. எனக்குத் திறக்கிறது. கடைசியில் தம்பி யார் பக்கம் என்று காட்டிவிட்டான் பார்த்தீர்களா!

அதற்கப்புறம் அவன் கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. ஓடிபியைக் கேட்டு வாங்கி, சைட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளத்தான் இப்படிக் கதை விடுகிறான் என்று எனக்கு முடிவே ஆகிவிட்டது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "லேட் பண்ணா வேற எவனாவது அந்தப் பேர வாங்கிடுவான் ணா. அப்புறம் நம்ம வினோத் அங்க இருக்க மாட்டான்." நம்ம வினோத்தாம்! அந்த 'நம்ம' மட்டும்தான் என் காதில் விழுந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனுக்கு வீடியோ கால் செய்தான். அம்மா எடுத்துவிட்டது. இனி தப்ப முடியாது. சரி, வாயை அடைத்துவிடலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினேன்.

"பாரு. நல்லா பாரு. தொறக்குதா இல்லியா?"

ஜெரோம் பார்த்தான். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"ணா... உங்க போன்ல அதே பேர அடிங்க."

என் போனைத் தேடி எடுத்து அடித்தேன். சுற்றியது... சுற்றியது... அப்படி ஒரு சைட்டே இல்லை என்று வந்தது. திரும்ப அடித்தேன். இல்லை.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னாடா, இதுல புள்ள மூஞ்சி வர்ல?" என்றது.

ஜெரோம்தான் மெதுவாகச் சொன்னான். எழுதியதைச் சோதித்துப் பார்க்க புரோகிராமர்கள் செய்கிற வேலையாம் அது. சைட்டின் நகல் ஒன்றை லேப்டாப்பிலேயே போட்டு, 'இந்தப் பேருக்கு நம்பர் நீயேதான்' என்று அதிலேயே ஒரு வரி எழுதி வைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடணும். வினோத் எடுக்கவில்லை.

"பேர கண்டுபிடிக்கற புரோகிராம், முதல்ல வூட்லதான் ணா கேக்கும். வூட்லயே பதில் கெடச்சிட்டா வெளிய போய் கேக்காது. அதான் உங்களுக்கு மட்டும் தொறக்குது. மத்த எல்லாருக்கும்... அவன் இல்ல ணா."

வீட்டில் கேட்டால் இருக்கிறான். வெளியே கேட்டால் இல்லை. இத்தனை நாள் நான் பெருமையாக மார்தட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தானா?

சிம்மைத் தேடிப் போட்டேன். ஓடிபி வந்தது. நம்பரைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ஜெரோம் புதுப்பித்தான். பேர் வினோத் பேரிலேயே இருந்தது. எதையும் மாற்றவில்லை. இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. ஊர் உலகத்துக்குத் திறக்கிற அந்தப் பக்கம் இருப்பதே ஜெரோமின் சர்வரில்தானாம்.

மறுநாள் கூப்பிட்டான். "இப்ப எல்லாருக்கும் தொறக்குது. நீங்களும் லேப்டாப்ல அந்த வரிய எடுத்துடுங்க ணா. இல்லன்னா நெஜமாவே இருக்கா இல்லியான்னு உங்களுக்கு எப்பவுமே தெரியாது."

"அவன் கையால எழுதனதுப்பா. எப்டி அழிக்கறது?"

"அழிக்க வேணாம் ணா. முன்னால அந்த # ஹாஷ் குறி மட்டும் போடுங்க. மெஷின் அந்த வரிய தாண்டிப் போய்டும். வரி அங்கயேதான் இருக்கும்."

எந்த ஃபைல், எந்தப் பட்டன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். போட்டேன். பக்கத்தைத் திரும்பத் திறந்தேன். முன்பு மாதிரி பட்டென்று வரவில்லை. முதலில் எழுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோ. அம்மா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

இப்போது நானும் ஊரோடு வரிசையில் நின்றுதான் என் தம்பியைப் பார்க்கிறேன். வயிறு எரியத்தான் செய்கிறது. என்ன செய்ய?

அதை ஜெரோமிடமே சொன்னேன். மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் இது. "உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுப்பா. அவன் மனசுல இருந்ததெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

"எனக்கு மட்டும் எரியாதா ணா? நீங்க பக்கத்துல ஒக்காந்து அவன் கைய புடிச்சினு இருந்தீங்க. நான் அவன ஒரு தடவகூட நேர்ல பாத்ததில்ல. எவ்ளோ உயரம் இருப்பான்னுகூட எனக்குத் தெரியாது. எவ்ளோ உயரம் ணா?"

என் காது வரைக்கும் வருவான் என்றேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறானாம். எங்கள் வீட்டில்தான் தங்கவேண்டும் என்று அம்மா கட்டளை போட்டுவிட்டது. வினோத் படுத்த கட்டிலை அவனுக்குத் தரப்போகிறதாம். பார்த்தீர்களா அநியாயத்தை?

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தட்டக்கூடாது. கோயிலோ, சர்ச்சோ, மசூதியோ... நீங்கள் எங்கே போனாலும், எதுவும் இல்லை என்றால் இருக்கிற இடத்திலேயே கண்ணை மூடியாவது, என் தம்பி வினோத்துக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். ஜெரோம் அங்கே ஒரு சர்ச் முழுக்க ஆள் சேர்த்துவிட்டானாம், நம் பக்கம் கூட்டம் குறையக்கூடாது!