ராகுகாலத்தில் திறந்த பெட்டி

முனீஸ்வரி சுவிட்சை அழுத்தினாள். உள்ளே காற்றாடி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. பிறகு பீப், பீப், பீப் என்று மூன்று முறை கத்திவிட்டு அடங்கியது. திரை கறுப்பாகவே இருந்தது. இது ஐந்தாவது முறை.

காளவாசலில் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியிருக்கும் அந்தத் தட்டச்சுக் கடைக்கு அவள் பதினோரு வருடமாகப் பழங்காநத்தத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறாள். தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேர்வு தேறியவள். எழுத்தெல்லாம் அழிந்துபோன விசைப்பலகையில் பார்க்காமல் அடிப்பாள். எத்தனையோ பேருடைய முனைவர் பட்டம் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. ஆனாலும் முதலாளிக்கு அவள் "டைப்பிங் பிள்ளை"தான். முப்பத்தெட்டு வயதுப் பிள்ளை.

எதிரே ஸ்டூலில் சத்யப்ரியா உட்கார்ந்திருந்தாள். எம்.எட். மாணவி. அவளுடைய நூற்று நாற்பது பக்க ஆய்வேடு அந்தக் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தது. வைரஸ் வரும் என்று முதலாளி பென்டிரைவைக் கடைக்குள் விடுவதில்லை. மாலை நான்கு மணிக்குள் பைண்டு செய்து கல்லூரியில் கொடுக்க வேண்டும்.

"அக்கா, எல்லாம் போச்சா?"

"வாயக் கழுவு. ஒண்ணும் போகல" என்றாள் முனீஸ்வரி. அவளுக்கே நம்பிக்கை இல்லை.

பத்து மணிக்கு முதலாளி பாண்டியராஜன் கற்பூரத்தோடு வந்தார். ஆயுத பூசைக்கு இரண்டு நாள் மூடிய கடை அன்றுதான் திறந்திருந்தது.

"யாரக் கேட்டு ஆன் பண்ணுன?"

"இந்தப் பிள்ளைக்கு அவசரம்ணே."

"நான் கற்பூரம் காட்டித்தான் மொதல்ல தொடணும்னு தெரியும்ல? அதுவும் நீ இருக்குற நெலமையில!"

சத்யப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். முனீஸ்வரிக்குக் காது சுட்டது.

பூசைக்கு முந்தின நாள் கடை முழுவதையும் கழுவித் துடைத்தவள் அவள்தான். பூசையன்று காலையில் முதலாளியின் மனைவி, "வீட்டுக்குத் தூரமா இருக்கியா?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாமல், ஆமாம் என்றாள். உடனே வாசலுக்கு வெளியே, பக்கத்து டயர்க் கடை ஓரமாக நிறுத்தப்பட்டாள். அவள் துடைத்து வைத்த கம்ப்யூட்டருக்கு அவளைத் தவிர எல்லோரும் பொட்டு வைத்தார்கள். உதிரம் தீட்டென்றால் அதில் உருவாகிப் பிறந்தவர்கள் எல்லோரும் தீட்டுதானே? அதை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"மெக்கானிக்கக் கூப்பிடவாண்ணே?"

"பத்தரைக்கு ராகுகாலம் பெறக்குது. பன்னெண்டுக்கு மேல அவன் வரட்டும். அதுவரைக்கும் யாரும் பொட்டிக்குள்ள கைய வைக்கக் கூடாது. கோயில்ல ஒரு செதறுகாய் ஒடைச்சுட்டு வாரேன். நீ பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு. நாளையிலருந்து வேற ஆளப் பாத்துக்கிறேன்."

பைக் புறப்பட்டுப் போனது. முனீஸ்வரி பையை எடுத்தாள். சத்யப்ரியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் போயிட்டா நான் யார்ட்டக்கா கேப்பேன்?"

முனீஸ்வரி பையை வைத்தாள். பதினோரு வருட வேலை போய்விட்டது. இனி இந்தப் பெட்டிக்குள் கை வைத்தால் கூடுதலாக என்ன போய்விடப் போகிறது?

மின்கம்பியை மாற்றிப் போட்டாள். பீப். மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டினாள். பீப். ஒயரைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரம் வடியட்டும் என்று சுவிட்சை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தாள். அப்புறமும் பீப்தான். போன வருடம் இதே சத்தம் வந்தபோது மெக்கானிக் ரேம் அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்தது ஞாபகம் வந்தது. அவளும் கழற்றித் தேய்த்து மாட்டினாள்.

பீப், பீப், பீப்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே நான் தொட்டதால்தானோ? எட்டாம் வகுப்பில் இருந்து மூலையில் உட்கார வைத்தே பழக்கிய மனம் கடைசியில் தன்னைத்தான் குற்றவாளியாக நிறுத்துகிறது. இதைவிடப் பெரிய அநியாயம் வேறில்லை.

"மணி பதினொண்ணுக்கா."

"செல்லுல டார்ச்ச அடி. இன்னும் கிட்ட."

வெயில் காலத்தில் சூடு தாங்காது என்று பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்தவர் முதலாளி. வருடம் பூராவும் அது திறந்தேதான் கிடக்கும். ரேம் செருகும் பள்ளத்துக்குள் வெளிச்சம் விழுந்தது. உள்ளே சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

குங்குமம். மாவிலையால் தெளித்த மஞ்சள் தண்ணீரில் குழைந்து, இரண்டு நாளில் காய்ந்து, பள்ளத்தின் பற்களில் இறுகிப்போயிருந்தது.

எதிர்க் கடையில் புதுப் பல் துலக்கும் பிரஷ் ஒன்று வாங்கி வரச் சத்யப்ரியாவை அனுப்பினாள். ஒரு வெள்ளைத் தாளை விரித்துப் பெட்டியை அதன்மேல் சாய்த்து, மெதுவாகச் சுரண்டினாள். சிவப்புப் பொடி உதிர்ந்தது. ரேமைச் செருகினாள். சுவிட்சில் விரலை வைத்துவிட்டு அழுத்தத் துணிவில்லாமல் அப்படியே இருந்தாள்.

"அழுத்துங்கக்கா!"

ஒரே ஒரு பீப். திரை வெளுத்தது. சத்யப்ரியா ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பன்னிரண்டேகாலுக்குப் பாண்டியராஜன் கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தபோது பிரிண்டர் எண்பதாவது பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? காய் ஒடைச்சேன், ஓடுது!"

"எப்பண்ணே ஒடைச்சீங்க?"

"இப்பத்தான், பன்னெண்டுக்கு. ராகுகாலம் முடிஞ்சு."

"இது பதினொண்ணே காலுக்கே ஓடிருச்சு."

அவர் முகம் மாறியது. முனீஸ்வரி குங்குமப் பொடி உதிர்ந்து கிடந்த அந்த வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ரேமு பள்ளத்துல இருந்துச்சு. அன்னிக்கி நான் வெளிய நின்னேன். உள்ள இருந்தவுக போட்டது. இன்னிக்கும் எனக்குத் தூரந்தாண்ணே. நாந்தான் தொட்டேன். ஓடுது."

பாண்டியராஜன் தாளைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"அம்புட்டு தூரத்துக்கா உள்ள போயிருச்சு?" என்று முனகினார்.

"நாளைக்கி நான் வரவா, வேணாமா? அதச் சொல்லுங்க."

"வராம? பிரிண்ட எடு மொதல்ல."

மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. வரும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை. மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடந்த கதவை இழுத்து, துடைத்து, பெட்டியில் பொருத்தித் திருகாணியை முடுக்கத் தொடங்கினாள்.

"சூடாகிரும்ல?" என்றார் அவர்.

"ஒரு ஃபேன் வாங்கி வைங்கண்ணே" என்றாள், கடைசித் திருகாணியில் இருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த பூசைக்கு நான் உள்ள நிப்பேன். யாரு எங்க என்னத்தத் தெளிக்கிறாகன்னு பாக்க ஆள் வேணும்."