குழாயடிப் படம்

கேம்ப் என்று அழைக்கும் எங்கள் பகுதியில், எங்கள் தெருவின் வரலாறு குறித்துக் கண்காட்சி வைத்திருக்கிறான் கார்த்திக், சென்னையிலிருந்து வந்த ஐடி பையன். நான் கொடுத்த பழைய புகைப்படத்தின் கீழே 'பகிர்ந்து வாழ்ந்த தெரு' என்று எழுதியிருந்தான். அதில் அப்பா குழாயடியில் செம்பை உயர்த்தித் தண்ணீர் ஊற்றுகிறார். தண்ணீர் விழும் இடத்தை வெட்டிவிட்டான்.

அந்தத் தண்ணீர் எஸ்தர் அக்காவின் குடத்தில் விழுந்தது. குழாயடியின் பாசி வாடையும், ஞாயிறு தவறாமல் வீடுகளில் கொதித்த மட்டன் குழம்பின் மணமும் இன்னும் என் மூக்கில் இருக்கின்றன. கிறிஸ்தவக் கோயிலில் நற்கருணையின்போது அவளோடு ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் பருகிய கனவான்கள், சாதி பார்த்து அவளைக் குழாய் தொட விடமாட்டார்கள்.

"எட்டி நில்லு எஸ்தர், தெறிக்கும்" என்பார் அப்பா, ஏதோ அக்கறைபோல.

ஒருநாள் அவள் கேட்டாள்: "குழாய் தீட்டாயிடும்னா, அந்தக் கிண்ணத்த என்னண்ணே செய்வீங்க?"

அப்பா குழாயை மூடிவிட்டார். அவள் வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

"அந்தம்மா ஓரத்துல பாதிதான் தெரியறாங்க அங்கிள். ஃபிரேம் நல்லா வராது" என்றான் கார்த்திக், ஏன் வெட்டினாய் என்று நான் கேட்டதற்கு.

"அவங்களையும் சேர்த்து மாட்டு. இல்லேன்னா எங்கப்பாவையும் வெட்டிடு."