ராஜாமணி எடுத்துப் போட்ட வீணைத் தட்டு

ராஜாமணி போய்விட்டான். காலையில் அவன் மகள் செம்பூரிலிருந்து போன் பண்ணிச் சொன்னாள்... தூக்கத்திலேயே.

என் பழைய ரூம்மேட். இங்கே இதைப் படிக்கிற பலருக்கு அவனைத் தெரிந்திருக்காது. அறுபதுகளில் மாதுங்காவில் ஒரே ரூம், ஒரே ஸ்டவ், ஃபோர்ட்டில் ஒரே ஆபீஸ். இரண்டு பேரும் கிளார்க்.

அப்போது எனக்கு ரிக்கார்டுப் பைத்தியம். சோர் பஜார் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பெட்டி நிறைய பழைய இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கி வந்திருந்தேன். அதில் இருந்த சில சினிமாப் பாட்டுகளையே தேயத் தேயப் போடுவேன். மற்றதெல்லாம் கட்டிலுக்கடியில் தூசியோடு கிடந்தது.

ராஜாமணிக்கு மஞ்சள் காமாலை வந்தது. லீவு போட்டுவிட்டு, மோரும் கஞ்சியுமாகப் படுத்துக் கிடந்தான். பொழுது போகாமல் என் பெட்டியை இழுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்துக் கேட்க ஆரம்பித்தான்.

ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன்... உள்ளே வீணை.

"யாரோடதுடா இது?"

"உன்னோடதுதான். அடியில கெடந்தது. ஒரு தடவைகூட போட்டதில்லையா நீ?"

இல்லை. லேபிள் கிழிந்த தட்டு, வாசித்தது யாரென்றே தெரியவில்லை. சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன்.

முடிந்தபோது வாசலில் ஒரு குரல். "அதை இன்னொரு தரம் போடுவேளா?"

எதிர்வீட்டு விசாலம். கல்யாணமான மறுவருஷமே புருஷன் போய், அண்ணா வீட்டோடு வந்துவிட்டவள். எங்களிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"உள்ள வந்து உக்காருங்கோளேன்" என்றான் ராஜாமணி.

"வேண்டாம். இங்கேயே நிக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாடி நானும் வாசிப்பேன்..."

மறுநாள் அவன் பிளேயரை வாசல் பக்கம் நகர்த்தி வைத்தான். காமாலை சரியாகி ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகும் சாயங்காலமானால் அந்தத் தட்டு சுழலும். அவள் பாசேஜில் நின்று கேட்பாள்.

பில்டிங்கில் பேச்சு கிளம்பியது. அவள் அண்ணா வந்து, "இனிமே பாட்டு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் எதிர்க்கதவு சாத்தியே இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சொன்னான்.

"விசாலத்தைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்டா. நேத்து ரேஷன் கடை வாசல்ல கேட்டேன். சரின்னுட்டா."

"பாலக்காட்டுல உங்காத்துல ஒத்துப்பாளா?"

"மாட்டா. சாட்சிக் கையெழுத்துப் போட நீ வருவியா, அதைச் சொல்லு."

போனேன். ஆபீஸ் நண்பர்கள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவள் பக்கம் யாருமில்லை. அவன் அப்பா சாகும்வரை அவனோடு பேசவில்லை. அதை என்னிடம் ஒரே ஒருதரம் சொன்னான்...

செம்பூரில் குடித்தனம் வைத்தார்கள். அந்த வீணைத் தட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் தயங்கினான். விசாலம் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். பிற்பாடு ஒரு பழைய வீணையும் வாங்கினார்கள். "விரலெல்லாம் மறந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டே வாசிப்பாள். அவன் சமையலறையிலிருந்து கேட்பான்.

அவளும் போய்ச் சில வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் எங்கள் போன் பேச்சும் சுருங்கிவிட்டது. "சாப்ட்டியா?" "ஆச்சு." "சரி, வைக்கறேன்." அவ்வளவுதான்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். நான் இருக்கிற டோம்பிவிலியிலிருந்து குர்லா போய் வண்டி மாறி, படி ஏறி இறங்கி... இந்த முட்டியோடு முடியாது. மகளிடம் சொன்னேன். "பரவாயில்ல மாமா" என்றாள்.

நீ படுத்துக்கோடா ராஜாமணி. நானும் கொஞ்ச நேரம் படுத்துக்கிறேன்.