கரையில் போட்ட முள்

வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல முள் குத்தியவுடனே டயர் உட்கார்ந்துவிடாது. முள் முதலில் ரப்பரில் நுனியை மட்டும் நட்டுக்கொண்டு உடைந்து நிற்கும். பிறகு வண்டி ஓட ஓட, தரையே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும். டியூபைத் தொடுவதற்குச் சில நாட்கள்கூட ஆகலாம். அதற்குள் பிடுங்கிவிட்டால் பஞ்சர் இல்லை. சிதம்பரம் பக்கம் கிள்ளைக்குக் கிழக்கே அக்காவும் மாமாவும் குத்தகைக்கு எடுத்திருந்த இறால் குட்டையில் நான் தங்கியிருந்த காலத்தில், பொழுது சாயும்போது என் முதல் வேலை அதுதான். என் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுவேன். டயர் கட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் தடவுவேன். தட்டுப்படும் முள்ளைக் கட்டிங் பிளேயரால் பிடுங்குவேன். அப்புறம் முன்சக்கரம். உள்ளங்கையில் எப்போதும் கீறல் இருக்கும். சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் துணி மடித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், செங்கல் சூளையில் இருந்தேன். கடைசியாக வடக்கே மலையில், சுற்றுலா வருகிறவர்களுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் எடுபிடியாக இருந்தேன். அதை மூடியபோது சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். கல்லிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. முன்சக்கரம் உயரம், டயரில் ரப்பர் கட்டை கட்டையாக நிற்கும். அதிலேயே ஊர் வந்து சேர்ந்தேன். போக வேறு இடம் இல்லாததால் அக்காவிடம் வந்தேன்.

வந்த வண்டிக்குக் குட்டையில் வேலை இருந்தது. மெயின் ரோட்டிலிருந்து குட்டைக்குக் களிமண் கரை ஒன்றுதான் வழி. மழை பெய்தால் வேறு எந்த வண்டியும் அதில் நிற்காது. இறால் தீனி, டீசல், வீட்டுக்கு அரிசி எல்லாமே என் பின்சீட்டில்தான் வந்தன.

நான் வருவதற்கு முன் இரண்டு தடவை நோய் வந்து இறால் செத்திருந்தது. இந்தத் தடவையும் போனால் குட்டையை வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக இடத்துக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் கரையில் போட்ட ஷெட்டுதான் அக்காவுக்கு வீடும். குட்டை போனால் வீடும் போகும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதனால் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இறால் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்ததும் திருட்டுப் பயம் வந்தது. பக்கத்துக் குட்டையில் வீச்சு வலை போட்டு அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்கள். அன்றிலிருந்து மாமா வேலிக்காத்தான் கிளைகளை வெட்டி, இருட்டும்போது கரை நெடுகப் பரப்ப ஆரம்பித்தார். விடிந்ததும் கொக்கிக் கழியால் இழுத்து ஓரம் போடுவார். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். ஆனால் கிளையை இழுத்துவிடலாம், ஒடிந்த முள்ளை இழுக்க முடியாது. அது சேற்றில் குத்திட்டு நிற்கும்.

"மாமா, திருடனுக்குப் போட்ட முள்ளு முச்சூடும் என் டயர்லதான் இருக்குது" என்றேன்.

"இருக்கட்டும் மச்சான். மலையே ஏறுன வண்டின்னு பீத்திக்கினியே, ஒரு முள்ளுக்கு அழுவுது?"

"மலையில கல்லு மாமா. கல்லு இடிக்கும், உள்ள பூந்து உக்காராது."

"அப்ப எறங்கி நடந்து போ. பெரிய ஜமீன்தாரு, காலு தரையில படாது."

அக்கா தீனிப் பையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரும் முள்ளப் பத்தியே பேசிக்கினு இருங்க. இறாலு பட்டினி கெடக்கட்டும்."

நானும் எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். பழைய லாரி டியூபை நீளமாக வெட்டி, ஓரங்களைக் கல்லில் தேய்த்து மழுக்கி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே பட்டையாகப் போட்டேன். ஓரம் கூராக இருந்தால் அந்தப் பட்டையே டியூபை அறுத்துவிடும். ஒன்றோடொன்று உரசாமல் இருக்க அக்காவின் முகப்பவுடரைத் தூவினேன். டப்பா காலியானதற்கு அவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். கனமான டியூபாகப் பார்த்து மாற்றினேன். முன்சக்கரத்தின் அளவுக்குச் சிதம்பரத்தில் டியூப் கிடைக்கவில்லை, அதற்காகக் கடலூர் ஓல்டு டவுன் வரை போய் வந்தேன். டியூபுக்குள் ஊற்றுகிற பச்சை நிற லிக்விடையும் ஊற்றினேன். சின்ன ஓட்டை விழுந்தால் அது தானாகப் போய் அடைத்துக்கொள்ளும். சேற்றில் பிடிமானம் வேண்டுமென்றால் காற்றைக் குறைக்க வேண்டும். குறைத்தால் டயர் தட்டையாகி முள்ளை ஜாஸ்தியாக வாங்கும். ஒவ்வொரு நாளும் கரையைப் பார்த்துக் காற்றை முடிவு செய்வேன். இவ்வளவும் செய்தும் வாரத்துக்கு ஒரு ஒட்டாவது போட வேண்டியிருந்தது.

அந்த வாரம் மேகம் விலகவே இல்லை, காற்றும் கிடையாது. வெயில் இல்லாவிட்டால் தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்துவிடும். ஏரேட்டர் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தால்தான் இறால் பிழைக்கும். ஒரு நாள் கரண்டு போனது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. ஜெனரேட்டர் பெல்ட் அறுந்துவிட்டது. சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாற்று பெல்ட் என்று வைத்திருந்ததைத்தான் போன மாதம் மாட்டியிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் இறால் கரையோரம் வந்துவிட்டது. தண்ணீரின் விளிம்பு முழுக்க மீசை. கையை நீட்டினால்கூட ஓடவில்லை. மாமா குட்டைக்குள் குதித்துப் பலகையால் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தார். அக்கா பக்கெட்டில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். அவ்வளவு பெரிய குட்டைக்கு அது எதற்கும் பற்றாது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

"ஓடு மச்சான்! சிதம்பரம் ஓடு!" என்று மாமா கத்தினார்.

அறுந்த பெல்ட்டை அளவுக்காக எடுத்துக்கொண்டு வண்டியை உதைத்தேன். கரையில் முள் இன்னும் அப்படியே கிடந்தது. அதை எடுக்கிறவர் தண்ணீரில் நின்றார். கழியால் வண்டி போகும் அகலத்துக்கு மட்டும் தள்ளித் தள்ளிப் போனேன். சிதறிக் கிடந்ததைப் பார்க்க நேரமில்லை.

சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார்கள். கடைக்காரர் சாமிக்கு ஊதுபத்தி காட்டி முடிக்கும்வரை நின்றேன். அவர் பெல்ட் தேடும் நேரத்தில் குனிந்து டயரைப் பார்த்தேன். பின்டயரில் நடுவிலேயே ஒரு முள், தடிமனானது, மட்டத்துக்கு உடைந்து நின்றது. அதைச் சுற்றிப் பச்சையாக ஈரம். டியூபுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். பிளேயரைக் கையில் எடுத்தேன், திரும்பப் பையில் வைத்தேன். அந்த நிலையில் முள்ளே ஓட்டைக்கு மூடி. பிடுங்கினால் லிக்விட் அடைக்கலாம், அடைக்காமலும் போகலாம். கழற்றி ஒட்டுப் போட நேரம் கிடையாது. தினமும் தேடித் தேடிப் பிடுங்கியவன், அன்றைக்கு முள் அதிலேயே இருக்கட்டும் என்று காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் போன் அடித்தது. அக்கா.

"எங்கடா வர்ற?"

"கிள்ளை தாண்டிட்டேன்." இன்னும் தாண்டவில்லை.

"இறாலு குதிச்சிக்கினு இருந்துது. இப்ப குதிக்கல. சீக்கிரம் வாடா தம்பி."

தார் ரோடு வரைக்கும் டயர் தாங்கியது. கரையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. நிறுத்தவில்லை. காற்று இல்லாத டயர் சக்கர வளையத்தில் நழுவிச் சுற்றியது. டியூபின் வால்வு பிய்ந்து பச்சைத் தண்ணீர் என் கால் முழுக்கத் தெறித்தது. முதல் கியரில் முறுக்கிக்கொண்டே போனேன். டயர் வளையத்தை விட்டு வெளியே வந்து செயினில் மாட்டியதும் வண்டி படுத்துவிட்டது. அதை அப்படியே போட்டுவிட்டு, பெல்ட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு காலில் எத்தனை முள் ஏறியது என்று தெரியாது.

மாமா இன்னும் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். கை மட்டும் தானாகப் போய் வந்துகொண்டிருந்தது. அவரை மேலே இழுத்து இருவருமாகப் பெல்ட்டை மாட்டினோம். ஜெனரேட்டர் பிடித்தது. சக்கரங்கள் சுற்றின. வெள்ளை நுரை எழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த அக்கா காலால் அடியைத் துழாவினாள்.

"மெத்து மெத்துன்னு படுது" என்றாள்.

செத்த இறால் மிதக்காது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

உயிரோடு இருப்பதையாவது இன்றைக்கே பிடித்துவிட வேண்டும், நாளை வரை அதுவும் நிற்காது என்றார் மாமா. இறால் வாங்குகிறவருக்குப் போன் போட்டோம். பக்கத்துக் குட்டையில் வலை கேட்டு வாங்கினோம். மத்தியானத்துக்குள் ஐஸ் ஏற்றிய வேன் ஒன்று கரை ஆரம்பிக்கும் இடம் வரை வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். அதற்கு மேல் வண்டியை எடுக்கவில்லை.

"இன்னாங்க இது, வழியா முள்ளுக் காடா? அங்க ஒரு பைக்கு வேற செத்துக் கெடக்குது."

"ஓரம் தள்ளிட்டோம்பா. மெதுவா வா, ஒண்ணும் ஆவாது" என்றார் மாமா.

"ஒண்ணும் ஆவாம இருக்க உங்க முள்ளு இன்னா பொம்ம முள்ளா? டயரு போச்சுன்னா இங்கயே நிக்கணும். ஐஸும் ஒழுவிடும், உங்க இறாலும் நாறிடும். பொறுக்கிட்டுக் கூப்புடுங்க, வரேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. மாமா போய்த் தென்னந்துடைப்பம் எடுத்து வந்தார். ஈரக் களியில் துடைப்பம் முள்ளின் மேலே வழுக்கிக்கொண்டு போனது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், அக்காவும் வந்தாள். மூன்று பேரும் வரிசையாகத் தவழ்ந்து, உள்ளங்கையால் கரையைத் தடவித் தடவி முள்ளைப் பொறுக்கினோம். டயரில் நான் செய்த வேலையை இப்போது கரை முழுக்கச் செய்ய வேண்டியிருந்தது. அத்தனை நாளாக எட்டிப் பார்க்காத வெயில் அப்போது வந்தது. வேனுக்கு அடியில் ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் போட்டேன்" என்றார் மாமா ஒரு தடவை. யாரும் கேட்காமல் தானாகவே சொன்னார்.

"பேசாம பொறுக்குய்யா" என்றாள் அக்கா.

வேன் உள்ளே வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் வலை இழுத்துப் பிடித்ததில் நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குட்டையில் இருந்ததில் அது பாதிகூட இல்லை. செத்ததை யாரும் வாங்க மாட்டார்கள். குட்டைக்குப் பின்னால் பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். வாடை பல நாள் போகவில்லை.

அந்த வாரத்திலேயே இடத்துக்காரர் வந்தார். கரையில் நின்று பார்த்தார், கோபப்படவில்லை. "வேற ஆளு கேக்கறாங்கப்பா. மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் மாமா என்னைப் பார்த்து, "ஊரெல்லாம் சுத்துன ஆளு நீ. எங்க போனா பொழைக்கலாம், சொல்லு மச்சான்" என்றார். கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டார்.

நான் இருந்த ஊர்களை எல்லாம் யோசித்துப் பார்த்தேன். லாரியில் குடும்பத்தோடு போக முடியாது. சூளைக்கு அக்காவை அனுப்ப மனம் வரவில்லை. மலையில் அவர்களுக்கு வேலை இல்லை. நான் இருந்த இடமெல்லாம் ஒற்றை ஆள் பாய் விரித்துப் படுக்கிற இடம்.

"திருப்பூர்" என்றேன். "ரெண்டு பேருக்கும் வேல கெடைக்கும்."

"வூடு?" என்றாள் அக்கா.

"பாக்கணும்."

"நீ இருந்த வூடு?"

"அது வூடு இல்லக்கா. பத்து பேரு படுத்துக்கினு இருந்தோம்."

மாமா தலையை ஆட்டினார், கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். அக்கா எழுந்து, அப்படியே கிடந்த இரவல் வலையை அலசப் போனாள். காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.