லாரிக்கை பட்ட கார்

சேலையூர் கேம்ப் ரோட்டில் 'ஸ்பிரிங் பாய்' என்று கேட்டால் டீக்கடையில் நிற்கிற யாரும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். சௌகத் அலி என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். முப்பது வருடமாக லாரிகளுக்கும் தண்ணீர் டேங்கர்களுக்கும் அடியில் மல்லாந்து கிடக்கும் மனிதருக்குப் பெயர் எதற்கு? வண்டி சாய்ந்து நிற்கிறதா, பாயிடம் விடு, நிமிர்ந்து வரும். அவ்வளவுதான் ஊருக்குத் தெரிய வேண்டியது. மற்றபடி ஆள் ரோஷக்காரர். அவர் முறுக்கிய நட்டை இன்னொருவர் ஸ்பேனர் வைத்துச் சரிபார்த்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவருடைய பட்டறை வாசலில் ஆடி மாதம் ஒரு காலை, கன்னங்கரேலென்று ஒரு சொகுசு எஸ்யூவி வந்து நின்றது. வழி தவறி வந்திருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இறங்கியவர் மிருதுளா, சிட்லபாக்கத்தில் பல் டாக்டர். அவருக்கு ஒரு வினோதமான பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ரோடே இல்லாத இடமாகத் தேடிப் போய்ச் சேற்றிலும் பாறையிலும் வண்டி ஓட்டுவார்கள். நல்ல ரோட்டுக்கு ஏங்குகிற தாம்பரத்தில் இப்படியும் ஒரு கூட்டம்.

போன தடவை முதல் பள்ளத்திலேயே மிருதுளாவின் வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. வடம் கட்டி இழுத்தார்கள். இழுத்த கையோடு குழுத் தலைவர் ஆஸ்டின், இது மால் பார்க்கிங்குக்குச் செய்த வண்டி மேடம் என்று சிரித்திருக்கிறார். கம்பெனி சர்வீஸில் கேட்டால், இதற்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்தார்கள். அந்த எரிச்சலோடு வீடு திரும்பும்போதுதான், தளும்பத் தளும்பத் தண்ணீரோடு ஒரு டேங்கர் குண்டும் குழியுமான சந்தில் அலுங்காமல் குலுங்காமல் போவதைப் பார்த்தார். பின்னாலேயே போய் டிரைவரை மறித்து, ஸ்பிரிங் வேலை யார் பார்த்தது என்று கேட்டார். அந்தப் பதில்தான் அவரை இங்கே கொண்டுவந்தது.

சௌகத் வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். இரும்பு ஸ்பிரிங்கே இல்லை. நாலு சக்கரத்துக்கு மேலும் காற்று நிரப்பிய ரப்பர் பைகள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. இது எனக்குப் புதுசு டாக்டரம்மா, படிக்க ரெண்டு வாரம் கொடுங்கள் என்றார். அந்த நேர்மைக்காகவே மிருதுளா சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சும்மா இருப்பானா பர்வேஸ்? பர்வேஸ், சௌகத்தின் மனைவி சபீஹாவுடைய தம்பி. நாலு கடை தள்ளி சீட் கவர், கால்மிதி, காருக்கு வாசனை டப்பா விற்கிறவன். கார் என்று ஒன்று கேம்ப் ரோட்டுக்கு வந்தால் அது தன் கடைக்குத்தான் வர வேண்டும் என்பது அவன் எண்ணம். டீக்கடையில் சத்தமாகச் சொன்னான்: "லாரிக்கை பட்டா கார் தாங்குமா? பாவம் அந்தம்மா."

சாயங்காலத்துக்குள் அது ரோடு முழுக்கப் பரவிவிட்டது. முடிவெட்டப் போன இடத்தில் சௌகத்தின் காதுக்கே வந்தது. சுருக்கென்று தைத்தது. மச்சினன் சொன்னான் என்பதால் அல்ல. அவருக்கே உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்தது. இந்தக் கைக்குச் சம்மட்டியும் கடப்பாரையும்தான் விதித்ததா, இல்லை, நுணுக்கமான வேலையும் வருமா? ஐம்பத்திரண்டு வயதில் பரீட்சை எழுதப் போகிற பையனைப் போல அன்றிரவே டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

வேலை இரண்டு மாதம் நடந்தது. பெரிய முரட்டு டயர் போட்டார்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் எங்கேயோ உரசியது. எங்கே என்று தெரிய, சௌகத் உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு பூசி, சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, சுண்ணாம்பு அழிந்த இடத்தை மட்டும் நகக்கண் அளவு, நகக்கண் அளவாகச் செதுக்கினார். வயிற்றுக்கு அடியில் இரும்புத் தகடு போட்டார். வடம் மாட்ட முன்னும் பின்னும் கொக்கி வைத்தார். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினார். ஒரு சக்கரத்தைப் பழைய லாரி டயர் அடுக்கின் மேல் ஏற்றி நிறுத்தி, மற்ற மூன்றும் தரையை விடாமல் பிடிக்கின்றனவா என்று படுத்துக்கொண்டே பார்ப்பார். இருபது வருடமாக அவரிடம் வெல்டிங் பார்க்கும் பக்தவச்சலம், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி பார்க்கிறீர்களே பாய் என்று கிண்டல் செய்தார்.

வேலை முடியவும் ஆயுத பூஜை வரவும் சரியாக இருந்தது. சௌகத் பட்டறையில் வருடம் தவறாமல் பூஜை உண்டு. செய்வது பக்தவச்சலம், குறை விடாமல் மேற்பார்வை பார்ப்பது சௌகத். ஜாக்கி, கம்ப்ரசர், சுத்தியல், சுவரில் தொங்கும் ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வைத்தாக வேண்டும். பக்தவச்சலம் சந்தனத்தில் கொஞ்சம் மைதாப் பசை கலப்பார். ஐப்பசி மழைக்கும் அசையாத பொட்டு அவருடையது என்று ஏரியாவில் பேர்.

அன்றைக்குக் கறுப்பு வண்டிதான் கதாநாயகி. மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லாம் முடிந்து பக்தவச்சலம் கை கழுவப் போகும்போது சௌகத் பம்பரைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்ட வட்டமாக முன்னால் ஆறு, பின்னால் ஆறு.

"பக்தா, இத்த வுட்டுட்டியே. கம்பெனிக்காரனே நமக்காக அளவா எடம் வுட்டு வச்சிகிறான் பாரு."

பக்தவச்சலமும் அச்சடித்த மாதிரி பன்னிரண்டு பொட்டு வைத்தார். முன்னால் கிரில் நடுவில் கண்ணாடிபோல் பளபளத்த இடத்தில் கொஞ்சம் பெரிதாகவே ஒன்று வைத்தார். கறுப்புக்கு அது எடுப்பாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மிருதுளா வந்து வண்டியை எடுத்தார். பக்கத்தில் சௌகத், பின்னால் பக்தவச்சலம். வேடிக்கை பார்க்கிற சாக்கில் பர்வேஸ் பைக்கில் பின்தொடர்ந்தான். வண்டி மெதுவாகும்போதெல்லாம் பீப் பீப் என்று கத்தியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. தாம்பரத்தில் நாலு பக்கமும் பைக் உரசாத கார் எது? கத்தாமல் இருந்தால்தான் அதிசயம்.

போன இடம் திருநீர்மலையைத் தாண்டி, ஒரு தனியார் நிலத்தில் கைவிட்ட கல்குவாரி. ஆஸ்டினும் கூட்டமும் தயாராக நின்றார்கள். எதிரே கல்லும் மண்ணுமாக ஒரு சரிவு, நாலு மாடி உயரம். மிருதுளா டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஒரு முழம் போயிற்று. கிரீச்சென்று தானே பிரேக் போட்டு நின்றது. மறுபடி ஒரு முழம், மறுபடி கிரீச். சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை, பீப் சத்தம் மட்டும் ஓயவில்லை.

சௌகத் அடியில் புகுந்தார். தகட்டைத் தட்டிப் பார்த்தார், காற்றுப் பைகளைத் தடவிப் பார்த்தார், வயர் எதுவும் நசுங்கியிருக்கிறதா என்று விரலாலேயே தேடினார். அரை மணி நேரம். பர்வேஸ் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே அவன் சொன்னது சௌகத்துக்குக் கேட்டது. வெளியே வந்தபோது அவர் சட்டை முழுக்க மண், முகம் செத்துப்போயிருந்தது.

"டாக்டரம்மா, என் கைதான் எங்கியோ தப்பு பண்ணிடுச்சி. வண்டிய கம்பெனிக்கே எடுத்துனு போயிடுங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அப்படிச் சொன்னார். பக்தவச்சலம் தலையைக் குனிந்துகொண்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று, மிருதுளா வண்டிக்குள் முன்னாலிருந்த திரையைக் காட்டினார்.

"பாய், இதுகூட சரியில்ல பாருங்க. முன்பக்க கேமரால எல்லாம் மஞ்சளா தெரியுது. நடுவுல செவப்பா ஒரு வட்டம்."

சௌகத் திரையைப் பார்த்தார். பக்தவச்சலத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வண்டியின் முன்பக்கம் ஓடினார்கள். அந்தப் பளபளப்பான இடம்தான் கேமரா. அந்த வட்டங்கள்தான், எதிரில் ஏதாவது இருந்தால் மோப்பம் பிடித்து வண்டியை நிறுத்தும் சென்சார்கள். கண்ணுக்கு நேரே சந்தனச் சுவர் எழுப்பிவிட்டால் பாவம் அது என்ன செய்யும்? எதிரே ஆள் நிற்கிறது, ஆள் நிற்கிறது என்று கத்திக் கத்திக் காலையிலிருந்து உயிரை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டை அணைத்து வைக்கும் வழி திரைக்குள் எங்கோ இருந்ததாம். அந்தப் பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்?

நனைத்த துணிக்குப் பொட்டு அசையவில்லை. மைதாப் பசையாயிற்றே. மிருதுளா கைப்பையிலிருந்து இரண்டு புது டூத் பிரஷ் எடுத்து, ஒன்றை சௌகத்திடம் கொடுத்தார். பற்காரை எடுக்கிற அதே பொறுமையோடு மண்ணில் மண்டியிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். பக்தவச்சலம், குங்குமம் தரையில் விழக் கூடாது என்று கீழே கர்ச்சீப்பை ஏந்திக்கொண்டு கூடவே நகர்ந்தார். ஆஸ்டின் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டும். சௌகத்துக்கு அந்த நேரத்தில் உலகத்தில் யார் மேலும் கோபமில்லை. தப்பு பண்ணியது கை இல்லை, பொட்டு வைக்கச் சொன்ன வாய்தான் என்று தெரிந்ததே போதும்.

வண்டி கிளம்பியது. பீப் இல்லை, கிரீச் இல்லை. சௌகத் உள்ளே ஏறவில்லை. அடிப்பக்கம் தெரிகிற மாதிரி கீழேயே நின்று பிஸ்மில்லா சொன்னார். பாதிச் சரிவில் ஒரு பாறை. இடது முன்சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூட்டத்தின் சிரிப்பு நின்றது. மற்ற மூன்று சக்கரமும் தரையை விடவில்லை. அந்தரத்துச் சக்கரம் மெல்ல இறங்கி, மண்ணைத் தேடி, பிடித்துக்கொண்டது. அப்புறம் மாட்டுவண்டி மேடேறுகிற நிதானத்தில் கறுப்பு வண்டி உச்சிக்குப் போய் நின்றது.

மிருதுளா இறங்கி வந்ததும் ஆஸ்டின் மால் பார்க்கிங் பேச்சையெல்லாம் மறந்துவிட்டு, வேலை யாருடையது என்று கேட்டார். மிருதுளா வாயெடுப்பதற்குள் பர்வேஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் வண்டியே அவனுடையது என்று நினைக்கத் தோன்றும்.

"எங்க மச்சான் வேல சார். லாரிக்கை சார் அது, சும்மாவா?"

இரண்டு மாதமாக அவனுக்குக் கொடுக்க சௌகத் பதில் சேர்த்து வைத்திருந்தார். நல்ல நல்ல பதில்கள். ஒன்றுகூட இப்போது நாக்குக்கு வரவில்லை. ஆஸ்டின் கை நீட்டியபடி அவரை நோக்கி வந்தார். சௌகத் தன் கையைப் பார்த்தார். கிரீஸ், மண், சந்தனம். அவசரமாகச் சட்டையில் துடைக்கப் போனார்.

ஆஸ்டின் துடைக்க விடவில்லை. அப்படியே பிடித்துக் குலுக்கினார்.