பட்டியலில் இல்லாத நாற்பத்தோராவது பெயர்

2006 ஏப்ரல், பெரம்பலூர். ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆசிரியையாக இருந்தேன். செய்முறைத் தேர்வுக்கு மாணவர் பட்டியல் போட, சி மொழியில் நானே எழுதிய சின்ன புரோகிராம் ஒன்று பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் அதை வரிக்கு வரி பைத்தான் என்ற புது மொழிக்கு மாற்றினேன். ஒன்றில் தொடங்கி, கடைசி எண்ணையும் சேர்த்து எண்ணுவது என் சி பழக்கம். பைத்தானில் அதே எண்ணைக் கொடுத்தால், அதற்கு முந்தைய எண்ணோடு நின்றுவிடும். தெரிந்தும் மறந்தேன். அச்சான பட்டியலில் முதல் பத்துப் பெயர்களைச் சரிபார்த்து, 'சரி' என்று டைரியில் குறித்துவிட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

தேர்வன்று காலை, மாணவர்கள் முன்பே கொடுத்திருந்த ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கிய லேப் உதவியாளர், "மேடம், லிஸ்ட்ல நாப்பது பேரு. நோட்டு நாப்பத்தொண்ணு இருக்குங்களே" என்றார்.

அடியில் இருந்தது அரும்பாவூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் நோட்டு. ஆங்கில அகரவரிசையில் அவள் பெயர்தான் கடைசி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அன்று ஒருநாள்தான் இருப்பார். விட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டதாக மற்ற மாணவிகள் சொன்னார்கள். ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். புறப்படவிருந்த அரும்பாவூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

"அட்டெண்டன்ஸ் பத்தலன்னு எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன் மேடம்."

"இல்லம்மா, என் தப்பு. எறங்கி வா."

வழியில் மன்னிப்புக் கேட்டேன். பின்னாலிருந்து சிரித்தாள். "பள்ளிக்கூடத்துலயும் என் பேரு வர்றதுக்குள்ள டீச்சர் நோட்ட மூடிடுவாங்க மேடம். நானும் வந்திருக்கேன்னு கத்துவேன்."

"இன்னைக்கு ஏன் கத்தல?"

"கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட்டுங்களே."

வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

அவள் தேர்வு எழுதி முடித்த பிறகு, தவறு நடந்த வரியை உதவியாளருக்குக் காட்டி விளக்கினேன். அவர் முன்பு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். "சீட் நம்பர ஏன் மேடம் எண்ணுறீங்க? நாங்க ஆளப் பாத்துத்தான டிக்கெட் கிழிப்போம்" என்றார்.

பைத்தான் வழியும் அதுதான். எண்ணுகிற வரியை அடித்துவிட்டு, 'பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும்' என்ற பொருளில் ஒரே வரி எழுதினேன். அதில் தொடக்க எண்ணும் இல்லை, முடிவு எண்ணும் இல்லை. யாரும் விடுபட வழியில்லை.

இருந்தாலும் இன்றுவரை எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் கீழிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன். கடைசிப் பெயருக்கு உரியவள் தானே கத்த வேண்டியிருக்கக் கூடாது.